பதிவேடு செல்லும் வழி

கணிப்பொறிப் பாடத்தில் ‘முன்னிருப்பு’ என்றொரு சொல் வரும். பயன்படுத்துவோர் எதையும் குறிப்பிடாதபோது நிரல் தானாகவே மேற்கொள்ளும் ஏற்பாடு அது. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றே நான் எண்ணியிருந்தேன்.

கோடை விடுமுறையில், தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த சரக்கு அலுவலகம் ஒன்றில் பயிற்சி பெற்றேன். அங்கிருந்த மிகப் பழைய சர்வரில் லினக்சின் புதிய பதிப்பை நிறுவும் வேலையை என்னிடம் ஒப்படைத்தனர். நிறுவினேன்; எல்லாம் ஒழுங்காக ஓடின. சில வாரங்கள் சென்றபின், ஒரு பட்டியலில் சரக்கின் எடை திருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. “அன்னிக்கு உள்ளே நுழைஞ்சது யாருன்னு பாருங்க தம்பி” என்றார் கணக்கர். பதிவேட்டைத் திறந்தேன். நான் புதிய பதிப்பை நிறுவிய நாளோடு வரிகள் நின்றிருந்தன. ஐயம் அன்று பணியிலிருந்த எழுத்தர் மீது விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்று காட்டவும் சான்றில்லை.

நிகழ்ந்தது இதுதான். யார் நுழைந்தார், எது பழுதுற்றது என்னும் செய்திகளை இன்றைய லினக்சில் பெரும்பாலும் முதலில் பெறுவது ‘ஜர்னல்டி’ என்னும் நிரல். முன்பு அது தான் பெற்றவற்றைப் பழைய ‘சிஸ்லாக்’ வகை நிரல்களுக்கும் அனுப்பிவந்தது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த சிஸ்டம்டி 216ஆம் பதிப்பில் இவ்வழக்கம் முன்னிருப்பாக நிறுத்தப்பட்டது. காரணம் நியாயமானதே. பரவலாக வழங்கும் ‘ஆர்சிஸ்லாக்’ தானே ஜர்னலிலிருந்து செய்திகளை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. வாங்க ஆளில்லாத இடத்துக்கு அனுப்புவதும் எண்ணியதைவிடச் செலவு மிக்கதாயிற்று. வேறு நிரல் வைத்திருப்போர் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிக்கொள்ளுமாறு வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருந்தனர். நான் அதைப் படிக்கவில்லை. அலுவலகத்தில் இருந்ததோ யாரோ என்றோ எழுதிவைத்த பழைய நிரல். போதாக்குறைக்கு, வட்டில் தனக்கென ஓர் அடைவு இல்லையென்றால் ஜர்னல் தன் பதிவை நினைவகத்திலேயே வைக்கும். அதுவும் ஒரு முன்னிருப்பே. ஒரு மின்தடையில் அப்பதிவும் மறைந்தது.

அச்சுப்பொறியின் முன்னிருப்பு தவறினால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். பதிவின் வழி மாறினால் ஓசையே எழாது. செய்தி வந்துசேராத பதிவேடும், ஒன்றும் நடவாத நாளின் பதிவேடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

நம் ஊரிலும் ஒரு வழி மாறியதுண்டு. முன்னாளில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கைக் கரை சேர்த்தன. 1974 சூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பழைய துறைமுகத்தை மூடிவிடவில்லை. 1979 ஏப்ரல் 1 முதல் இரண்டையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைத்தனர். அதன் பின்னரும் மாலத்தீவுக்குத் தோணிகள் பழைய துறையிலிருந்தே சென்றுவந்தன.

2023இல் வெளிவந்த டெபியன் 12இல் ஏறத்தாழ இம்முறையையே காண்கிறேன். புதிதாக நிறுவுவோருக்கு ஆர்சிஸ்லாக் முன்னிருப்பாக வருவதில்லை, ஜர்னல் மட்டுமே. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துவோரிடமோ, ஏற்கெனவே இருக்கும் ஆர்சிஸ்லாக் அப்படியே நீடிக்கிறது. இரு வழிகளைப் பேணுவது வீண்சுமை என்பார் உண்டு. வட்டு இடம் வீணாவது உண்மையே. எனினும் அந்த எழுத்தரின் முகத்தைக் கண்டபின் அவ்வாதம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மறுநாள் அமைப்புக் கோப்பில் அந்த வரியை மாற்றி, வட்டில் அடைவையும் உருவாக்கினேன். நான் ஒருமுறை உள்நுழைந்ததும் பதிவேட்டில் புதிய வரி ஒன்று விழுந்தது. அதற்கு மேலே இருந்த வரிக்கும் அதற்கும் இடையே பத்தொன்பது நாள்கள் இல்லை. அவ்விடைவெளிக்கு நானே காரணம் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, எழுத்தரிடமும் ஒரு படி தந்தேன்.