காந்தமும் எலும்பு ஒட்டும்

முன்னுரை

வெடிவிபத்து என்றதும் நம் மாவட்டத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருவது தீக்காயமே. ஆனால் வெடியின் அதிர்ச்சியில் இடியும் சுவரும், பறந்து வரும் செங்கல்லும் எலும்பையும் முறிக்கின்றன. சிவகாசிக்கு அருகே ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தபோது, பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்த என் தாய்மாமாவுக்கு நேர்ந்தது இதுவே. இடது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒன்பது மாதங்களாகியும் எலும்பு கூடவில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்று மதுரையில் மருத்துவர்கள் கூறி, அவ்வாறே அறுவை செய்தனர்.

வீடு திரும்பிய வாரத்தில் ஒருவர் காந்தப் பட்டை ஒன்றை விற்க வந்தார். "வெளிநாட்டில் இதைக் கட்டித்தான் எலும்பைக் கூட வைக்கிறார்கள்" என்றார். அத்தை என்னைப் பார்த்து, "மருமகனே, நீ காந்தம், கரண்டு எல்லாம் படிக்கிறவன்தானே, வாங்கலாமா?" என்று கேட்டார். அப்போது இளங்கலை இயற்பியல் முதலாண்டில் இருந்த நான், சிறிதும் யோசியாமல், "வாங்குங்க அத்தை, நல்லதுதான்" என்றேன். அத்தை தம் கம்மலை அடகு வைத்து அதை வாங்கினார். அன்று நான் சொன்ன விடை சரிதானா என்று பின்னர் ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

எலும்பு ஒட்டு என்பது யாது?

உடைந்த எலும்பு தானே கூடும் இயல்புடையது. நல்ல இரத்த ஓட்டமும், அசைவற்ற நிலையும், புண்ணில் சீழ் பிடிக்காமையும் அதற்கு வேண்டும். வெடிவிபத்தில் தோலும் தசையும் கிழிந்து அழுக்குப் படிவதால் இம்மூன்றுமே கெடுகின்றன. எலும்புத் துண்டுகள் சில இழக்கப்படுவதும் உண்டு. அவ்விடைவெளியை நிரப்ப, பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்தே எலும்பைச் சுரண்டி எடுத்து வைக்கின்றனர். இதுவே எலும்பு ஒட்டு ஆகும்.

வயலில் நாற்றைப் பிடுங்கி நடுவதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நட்ட எலும்பு அப்படியே வளர்வதில்லை. அது முதலில் ஒரு சாரமாக நிற்கிறது. புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் நுழைகின்றன. பழைய எலும்பு சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய எலும்பு படிகிறது. இதற்குப் பல மாதங்கள் ஆகும். ஒட்டிலுள்ள சில புரதங்கள் புதிய எலும்பைத் தோற்றுவிக்கத் தூண்டுகின்றன என்பதற்கு வழிகாட்டியது மார்ஷல் யூரிஸ்ட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1965இல் வெளியிட்ட ஆய்வாகும்.

எலும்பும் மின்சாரமும்

இதில் காந்தத்திற்கு என்ன வேலை? 1957இல் ஃபுகாடா, யசூடா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர், எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது என்று காட்டினர். குவார்ட்ஸ் படிகத்தில் நாம் படிக்கும் அழுத்தமின் விளைவே இது. நடக்கும்போதும் சுமக்கும்போதும் எலும்பில் சிறு மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை எலும்பு வளர்ச்சிக்கு ஒரு செய்தியாக அமையலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அவ்வாறாயின், நடக்க முடியாத நோயாளியின் எலும்பில் வெளியிலிருந்து மின்னோட்டத்தை உண்டாக்கினால் என்ன? கம்பியை உடலுக்குள் செருகாமலே அதைச் செய்ய ஒரு வழி உண்டு. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அவ்வழி. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாசெட்டும் அவர்தம் குழுவினரும் காலின் இருபுறமும் கம்பிச்சுருள்களை வைத்து, விட்டுவிட்டு மின்னோட்டம் செலுத்தி, துடிக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கினர். நாய்களில் செய்த சோதனையை 1974இல் வெளியிட்டனர். கூடாத எலும்புமுறிவுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1979இல் ஒப்புதல் அளித்தது.

போலிக் கருவி உணர்த்திய உண்மை

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்க்கர், ஷராடு முதலியோர் கூடாத கால்முறிவு உடைய 16 பேரைச் சோதித்தனர். 9 பேருக்கு உண்மைக் கருவியும், 7 பேருக்கு அதே தோற்றமுள்ள, ஆனால் காந்தப்புலம் தராத போலிக் கருவியும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. 1984இல் வெளியான முடிவு வியப்பளித்தது. உண்மைக் கருவியால் 5 பேருக்கு எலும்பு கூடியது. போலிக் கருவி பெற்றவர்களிலும் 5 பேருக்குக் கூடியது! மாவுக்கட்டும், ஓய்வும், காலமுமே அவ்வேலையைச் செய்திருக்க வேண்டும்.

ஆயினும் அதே ஷராடு 1990இல் வெளியிட்ட மற்றொரு சோதனை வேறு விதமாக அமைந்தது. தாமதமாகக் கூடும் 45 கால்முறிவுகளில், எக்ஸ்ரே படங்களைப் பார்த்த வல்லுநரின் கணக்குப்படி, உண்மைக் கருவி பெற்ற 20இல் 5 கூடின. போலி பெற்ற 25இல் ஒன்றே கூடியது.

எலும்பு ஒட்டைப் பொறுத்தவரை முதுகெலும்பு அறுவைகளில் நல்ல சோதனைகள் நடந்துள்ளன. மூனி என்பவர் 1990இல் 195 பேரைக் கொண்ட சோதனையில் உண்மைக் கருவிக்கு 92 விழுக்காடும், போலிக்கு 65 விழுக்காடும் வெற்றி கண்டார். 2008இல் ஃபோலி குழுவினர் கழுத்தெலும்பு ஒட்டு பெற்ற 323 பேரைச் சோதித்தனர். 6 மாதத்தில் கருவி பெற்றோரில் 84 விழுக்காட்டினர்க்கும், பெறாதோரில் 69 விழுக்காட்டினர்க்கும் ஒட்டு பிடித்திருந்தது. 12ஆம் மாதத்திலோ 93, 87 என்று இடைவெளி குறுகி, தற்செயல் என்று ஒதுக்கத்தக்க அளவாயிற்று. புதிய கால்முறிவு உடைய 259 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2011இல் வெளியான சோதனையில், மறு அறுவையின் தேவை குறையவே இல்லை.

ஆகவே துடிக்கும் காந்தப்புலம் சிலருக்கு, சில நிலைகளில், ஒட்டு பிடிப்பதை விரைவுபடுத்தக்கூடும். உறுதியான மருந்து என்று அதைச் சொல்வதற்கில்லை.

ஆய்வகத்தில் ஒரு சோதனை

இவ்வளவும் துடிக்கும் புலத்தைப் பற்றியது. மாமா கட்டிய பட்டையில் இருந்ததோ நிலைக்காந்தம். இரண்டாம் ஆண்டில் அப்பட்டையை நம் இயற்பியல் ஆய்வகத்திற்கு எடுத்து வந்தேன். கால்வனோமீட்டருடன் இணைத்த கம்பிச்சுருளின்மேல் வைத்தேன். வைக்கும்போது முள் ஒரு கணம் அசைந்தது. பின்னர்ச் சுழியில் நின்றுவிட்டது. அரைமணி நேரம் காத்திருந்தும் அசையவில்லை. சட்டென எடுத்தபோது மறுபுறம் அசைந்து மீண்டும் நின்றது.

காந்தப்புலம் மாறினால்தான் மின்னோட்டம் பிறக்கும் என்னும் விதியை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அவ்விதியின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. வலிமை குறைவு என்பதன்று குறை. சிகிச்சைக் கருவியின் புலம் உச்சத்திலும் ஏறத்தாழ 20 காஸ் அளவினதே; பட்டையின் காந்தம் அதைவிட வலிமையாகவும் இருக்கலாம். குறை என்னவெனில் அது மாறுவதில்லை. காலோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் நடந்தாலும் பட்டையும் காலும் ஒன்றாகவே நகர்கின்றன. பாசெட் விரும்பிய தூண்டல் மின்னோட்டம் அங்குப் பிறக்க வழியில்லை.

முடிவுரை

மாமாவுக்கு எலும்பு கூடிவிட்டது. இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். இதில்தான் சிக்கல் எழுந்தது. எங்கள் தெருவில் ஓர் அம்மா, அதே தொழிலில் கை எலும்பு நொறுங்கிய தம் மகனுக்காக, "உங்க மாமாவுக்குக் கூடிருச்சே தம்பி, அந்தப் பட்டை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு வந்தார்.

ஷெஃபீல்டில் போலிக் கருவியால் "குணமான" அந்த 5 பேரை நினைத்துக்கொண்டேன். மாமாவின் காலைக் கூட்டியது இடுப்பிலிருந்து எடுத்த எலும்பும், அசையாமல் பிடித்த கம்பியும், சீழ் பிடிக்காமல் காத்த மருந்தும், மருத்துவர் கண்டித்ததால் அவர் விட்ட பீடியுமே. புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பது நன்கு அறியப்பட்டது. இவற்றை அந்த அம்மாவிடம் சொல்லி, "அந்தப் பணத்தை முட்டைக்கும் பாலுக்கும் பஸ்ஸுக்கும் வச்சுக்கோங்கம்மா, டாக்டர் வரச் சொன்ன நாளில் தவறாமல் கூட்டிட்டுப் போங்க" என்றேன். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குவதையும் கூறினேன்.

அவர் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டையை வாங்கவில்லை. அத்தையின் கம்மலைச் சென்ற தைப்பொங்கலுக்கு முன்பு மீட்டுவிட்டோம். அறிவியல் மாணவரிடம் ஊர் கேள்வி கேட்கும். தெரிந்ததைச் சொல்வதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.