சாரல் தண்ணீரில் குட்டி சிக்லிட்

செடி நிறைந்த மீன்தொட்டியில் குள்ள சிக்லிட் ஜோடி குஞ்சு மேய்ப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், மீன் கடைக்குப் போகுமுன் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கடையில் கிடைக்கும் குள்ள சிக்லிட்களான ராமும் அபிஸ்டோகிராமாவும் (சுருக்கமாக அபிஸ்டோ) தென் அமெரிக்க மீன்கள்; உப்பு குறைந்த மென்மையான நீர் கேட்பவை. குற்றாலம் சீசன் தொடங்கினால் அந்த நீர் தென்காசி மொட்டைமாடிகளிலேயே விழுகிறது.

செய்ய வேண்டியவை

• நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். போர் தண்ணீர் 500ஐத் தாண்டினால் ராம் அதில் உயிரோடு இருக்கலாம், முட்டை பொரிவதுதான் கஷ்டம். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலந்து 150க்குள் இறக்குங்கள். முதல் மழை மாடியைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள்.

• இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊர் மீனே இருக்கிறது. ஆரஞ்சு குரோமைடு, கரிமீனின் சின்னத் தம்பி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களில் வாழ்வது, 8 செ.மீ. அளவு வளரும். கொஞ்சம் உப்பான தண்ணீர் அதற்குப் பொருட்டே இல்லை. தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சு காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். வண்ணமயமான வெளிநாட்டு ராமுக்குக் கொடுக்கும் காசில் பாதியை இதற்குக் கொடுக்க ஏன் யோசிக்கிறோமோ தெரியவில்லை.

• பருவத்துக்கேற்ற மீனை இனப்பெருக்கத்துக்கு விடுங்கள். ராமுக்கு 28 டிகிரி சுகம், கோடையிலும் தாக்குப்பிடிக்கும். அபிஸ்டோவுக்கு 25, 26 போதும், ஆகவே சாரல் மாதங்கள்தான் தோது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. உவே ரோமர், வோல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸ் என்ற இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல அபிஸ்டோ இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பநிலையும் நீரின் அமிலத்தன்மையும் மாற்றுகின்றன. சூடு கூடினால் ஆண்கள் பெருகும். ஏப்ரல், மே வெயிலில் வளர்ந்த குஞ்சுகளுக்கு அப்புறம் ஜோடி தேடி அலைய வேண்டியிருக்கும்.

• அபிஸ்டோவுக்குக் குகை வேண்டும். வாசல் வெட்டிய சிரட்டையைக் கொதிக்க வைத்துக் கவிழ்த்தால் ஆயிற்று. ராமுக்குத் தட்டையான கல் போதும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் ஆகியவை மங்கிய வெளிச்சத்திலும் பிழைக்கும்.

• முட்டையைப் பார்த்த அன்றே, குஞ்சுகளின் முதல் தீனியான ஆர்ட்டீமியாவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். லிட்டருக்கு 25 கிராம் தூத்துக்குடிக் கல் உப்பு, விடாமல் காற்று. ஒன்றரை நாளில் பொரியும். மீன் குஞ்சு நீந்தத் தொடங்க ஒரு வாரம் ஆகும்.

• மின்தடைக்கு பேட்டரி ஏர் பம்ப். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விடாதீர்கள். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசினால் குளோரின் அதைக் கொன்றுவிடும்.

• இரண்டடித் தொட்டியில் இரண்டு ஆண் வேண்டாம். டைகர் பார்ப், ஏஞ்சல் கூட்டு வேண்டவே வேண்டாம். மேல்மட்டத்தில் நீந்தும் சாதுவான சிறு மீன்கூட்டம் இருந்தால் சிக்லிட்டுக்குத் தைரியம் வரும்.

• சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வந்த பாக்கெட்டை நேராகத் தொட்டியில் கவிழ்க்காதீர்கள். இரண்டு வாரம் தனித்தொட்டி. சின்ன உடம்பில் அளவுக்கு மீறிய நிறம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஹார்மோன் கொடுத்து நிறமேற்றிய ராம் பெரும்பாலும் குஞ்சு தராது.

• முதல் ஈட்டு முட்டையை ஜோடி தின்றுவிட்டால் பதறாதீர்கள். இளம் ஜோடிகளின் வழக்கம் அது. மஞ்சளாகிக் காவல் காக்கும் பெண் அபிஸ்டோ, தன்னைவிடப் பெரிய ஆணையே மூலைக்கு விரட்டும். ஒதுங்க இடமில்லையென்றால் ஆணை எடுத்துவிடுங்கள். முட்டையில் கைவைக்க வேண்டாம்.

• குற்றாலத்துச் செண்பகாதேவி அருவிப் பக்கத்துக் காட்டிலிருந்து கட்டையோ செடியோ எடுத்துவராதீர்கள்; காப்புக்காட்டில் அது குற்றம். தொட்டியில் போட வாதாம் மரத்துச் சருகு தெருவிலேயே கிடைக்கிறது.

• மிஞ்சிய குஞ்சுகளைச் சிற்றாற்றிலோ குளத்திலோ விடவே கூடாது. 1952இல் வளர்ப்புக்கென இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டையும் ஒரு சிக்லிட்தான். நம் குளங்களில் நாட்டு மீன்களின் இடத்தை அது எப்படிப் பிடித்தது என்று வலை வீசுகிறவர்களைக் கேளுங்கள். குஞ்சுகள் அதிகமானால் கடையில் கொடுத்துப் பதிலுக்குத் தீவனம் வாங்கிக்கொள்ளலாம். பல கடைக்காரர்கள் சம்மதிப்பார்கள்.