நீச்சலும் வழுக்குமரமும்

திண்டுக்கல் சமவெளியில் நம்மிற் பலர் நீந்தக் கற்றது தோட்டக் கிணறுகளிலேயாம். சுரைக்குடுக்கை கட்டிக் குதித்தோம். மூழ்காதிருக்கக் கற்றோமேயன்றி முன்னேறக் கற்றோமில்லை. தலையைத் தூக்கி, நீரைக் கையால் அறைந்து, விரைவிற் களைக்கின்றோம். ஆழ்கிணற்றில் அக்களைப்பு உயிருக்கே கேடாம்.

இக்குறை நீங்க, நாம் அறிந்த ஆட்டங்களையே மனக்கண்ணிற் கொள்வோம். வழுக்குமரத்தை அறைபவன் ஏறான்; பற்றுபவனே ஏறுவான். கை பற்றிய இடத்தில் நிற்க, உடல் மேலெழும். நீரும் அத்தகையதே. முன்நீட்டிய கையின் முழங்கை உயர்ந்திருக்க, விரல்கள் கீழ்நோக்கி நீரைப் பற்றுக. உடல் கையைக் கடந்து செல்லும். வடமிழுப்போன் கையால் மட்டுமா இழுக்கின்றான்? முதுகும் இடுப்பும் அன்றோ உடன் இழுக்கின்றன! சிலம்பம் வீசுவோன் இடுப்பைத் திருப்புதல் போல, ஒவ்வொரு வீச்சிலும் உடல் பக்கம் புரளுக. அப்புரள்விலேயே, தலையைத் தூக்காமல், வாய் நீர்மேல் வந்து மூச்சுக்கொள்ளும். முகம் நீருள் இருக்கையில் மூச்சை விடுக.

1994-ஆம் ஆண்டில், பன்னிரண்டே வயதிற் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். தோள்வலி ஒன்றே அச்சிறுவரைக் கரை சேர்த்திராது.

நாளொன்றுக்கு ஓர் உவமை போதும். அதனைக் கரையில் நின்று பன்முறை எண்ணிப் பார்த்து, பின்னர்த் துணையோடு நீரில் இறங்குவோமாக.