காப்புப்படியும் திறவுகோலும்

சிந்துவெளியில் அகழ்ந்தெடுத்த முத்திரைகள் ஆயிரக்கணக்கில் நமக்குக் கிடைத்துள்ளன. நாலாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவற்றின் எழுத்துக்கள் பல தெளிவுறவே விளங்குகின்றன. ஆயினும், அவற்றை இன்னவாறு படித்தல் வேண்டுமென அறிஞர் யாவரும் ஒப்ப உரைத்தவர் இதுகாறும் ஒருவருமிலர். அசோகனுடைய பிராமிக் கல்வெட்டுக்களும் நெடுங்காலம் இந்நிலையிலேயே கிடந்தன. 1837-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பார் அவ்வெழுத்தின் முறையைக் கண்டு கூறிய பின்னரே அவை பேசத் தொடங்கின. எழுத்து அழியாதிருத்தல் ஒன்று. அதனைப் படிக்கும் வழி அழியாதிருத்தல் மற்றொன்று. பின்னது கெடின் முன்னதனால் ஆம் பயன் யாதுமில்லை. இஃது அகழ்வாராய்ச்சியாளர்க்கே உரிய கவலை என்று எண்ணற்க. கணிப்பொறியில் வைத்த ஏடுகளை இழந்து, காப்புப்படியினின்று மீட்க முயல்வோர்க்கும் இவ்விடர் நேர்கின்றது. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

மருத்துவமனைகள் நோயாளர்க்கு அளித்த மருந்தின் குறிப்பையும், வங்கிகள் மக்கள் வைத்த பொருளின் கணக்கையும், பல்கலைக்கழகங்கள் மாணாக்கர் பெற்ற மதிப்பெண்களையும் இன்று தரவுத்தளம் என்னும் ஒழுங்குபட்ட தொகுதிகளிற் பதிந்து வைக்கின்றன. அத்தொகுதிகளைத் தம் இடத்தே வையாமல், அமேசான், மைக்ரோசாப்ட், கூகிள் முதலிய நிறுவனங்கள் கட்டணத்திற்கு விடும் பெருங் கணிப்பொறிக் கூடங்களில் வைப்பதனையே கிளவுட் என்றும் மேகக் கணிமை என்றும் வழங்குகின்றோம். அவற்றின் காப்புப்படிகளும் அங்கேயே எடுக்கப்படும். அமேசானின் ஆர்.டி.எஸ். என்னும் சேவையில், தானாக எடுக்கப்படும் படிகளை 35 நாள் வரையில் வைத்துக்கொள்ளலாம்; உரியவர் தாமே எடுக்கும் ஸ்நாப்ஷாட் என்னும் படியோ, அவர் அழிக்குங்காறும் இருக்கும். பிறர் கூடத்தில் வைத்த ஏடு பிறர் கண்ணிற்படாதிருத்தற்பொருட்டு, மூலமும் படியும் மறையாக்கம் செய்யப்படுகின்றன. அம்மறையைத் திறக்கும் கோலை வழங்குநரே ஆளலாம். அன்றி, வாடிக்கையாளர் தாமே ஆளலாம். அமேசான் 2014-ஆம் ஆண்டில் கே.எம்.எஸ். என்னும் திறவுகோற் சேவையைத் தொடங்கியதுமுதல், இவ்விரண்டாம் வழி பலர்க்கும் எளிதாயிற்று. யார் திறக்கலாம், எப்பொழுது முடக்கலாம், எப்பொழுது அழிக்கலாம் என்பன யாவும் தம் ஆணைக்குட்பட வேண்டுமென்று விழைவோர் இதனையே கொள்வர். அவ்விழைவு தவறன்று; ஆனால் அழிக்கும் உரிமை கைவந்தவிடத்து, அழியாமற் காக்கும் கடனும் அவர்பாலதே ஆகின்றது.

இனி, இம்மறையாக்கம் நிகழுமாற்றை அறிதல் இன்றியமையாதது. இதனை அறியாதார்க்குப் பின்வருவன விளங்கா. திறவுகோல் ஒன்றன்று, இரண்டு. ஏடுகளை நேரே பூட்டுவது தரவுத் திறவுகோல். அத்தரவுத் திறவுகோலை வேறொரு மூலத் திறவுகோல் பூட்டுகின்றது. பூட்டப்பட்ட தரவுத் திறவுகோல் ஏடுகளுடனேயே வைக்கப்படும். பெட்டியின் சாவியைச் சிறு பேழையில் இட்டுப் பூட்டி, அப்பேழையைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி வைத்தாற்போன்றது இது. பேழையின் சாவி மட்டும் வேறிடத்தே, அதற்கெனச் சமைத்த காவற்பொறியினுள் இருக்கும். வாடிக்கையாளர் அதனை ஆளலாமேயன்றி, அப்பொறியினுள் உண்டான சாவியை வெளியே எடுத்துத் தம் கையிற் கொள்ளுதல் இயலாது. மீட்குங்காலத்தில் தரவுத்தளச் சேவை அப்பேழையைத் திறக்குமாறு கே.எம்.எஸ்.ஸை வேண்டும். கேட்பவர்க்கு இசைவு உண்டாயின் அது திறந்து தரும், இல்லையேல் மறுக்கும். ஆகவே, காப்புப்படி ஒரு குறையுமின்றி இருந்தும், மூலத் திறவுகோல் இல்லையாயின் அஃது எழுத்தெனத் தோன்றாத வெறுங் குப்பையே. வழங்குநரை வேண்டினும் பயனில்லை. அவராலும் திறக்கவொண்ணாமையே இவ்வமைப்பின் நோக்கமாதலின்.

மூலத் திறவுகோலை அறிந்து அழிப்பவரும் உளரோ எனின், அறியாது அழிப்பவரே பெரும்பாலார் என்க. ஒவ்வொரு திறவுகோலுக்கும் அமேசான் திங்கள்தோறும் ஒரு டாலர் கட்டணம் கொள்கின்றது. செலவைக் குறைக்கப் புகும் ஒருவர், இயங்கும் தரவுத்தளங்களை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றும் பயன்படுத்தாத திறவுகோலைப் பழையதென்று களையத் துணிகின்றார். அத்திறவுகோலைக் கொண்ட தரவுத்தளம் முன்னரே நீக்கப்பட்டிருக்கலாம். ஆனால் நீக்குமுன் எடுத்த ஸ்நாப்ஷாட் ஓரிடத்தே உறங்கிக்கொண்டிருக்கும். இயங்கும் தளம் தன் திறவுகோல் கெட்டவழி வாய்விட்டு அலறும். உறங்கும் படி ஒன்றும் உரையாது. இக்கேட்டை அஞ்சியே திறவுகோலை உடனே அழித்தற்கு அமேசான் இடந்தருவதில்லை. குறைந்தது 7 நாள், மிகுந்தது 30 நாள் காத்திருத்தல் வேண்டும். காலம் குறியாதார்க்கு 30 நாளே விதிக்கப்படும். அவ்விடைக்காலத்தில் திறவுகோல் ஒன்றனையும் திறவாது. ஆதலின், அதனை நம்பியிருந்தோர் தடுக்கப்பட்டு உணர்தல் கூடும். உணர்ந்தோர் அவ்வாணையை மீட்கலாம். மீட்ட பின்னும் திறவுகோல் முடங்கியே கிடக்கும். அதனை மறுபடி இயக்குதல் வேண்டும். இதனை மறந்து, ஆணையை மீட்டும் படி திறக்கவில்லையே என்று கலங்குதல் வேண்டா. எனினும் ஆண்டுக்கு ஒருமுறையே தேடப்படும் படியினை 30 நாட்காவல் எங்ஙனம் காக்கும்? அழிக்க எண்ணுவோர் முதலில் பல திங்கள் முடக்கி வைத்துப் பார்ப்பதே தக்கது. முடக்கியதை ஒரு நொடியில் இயக்கலாம். காலங்கடந்து அழிந்ததை மீட்பார் இலர்.

திறவுகோலை ஆண்டுதோறும் மாற்றுதலால் பழம்படிகள் கெடும் எனச் சிலர் அஞ்சுவர். கே.எம்.எஸ். தானே மாற்றுமிடத்துப் பழைய மூலப்பொருளையும் தன்பால் வைத்துக்கொள்வதால், அவ்வச்சம் வேண்டுவதின்று. உரியவர் தாமே புதுத் திறவுகோல் படைத்து மாறுவாராயின், பழையதனை அழியாது வைத்தல் வேண்டும். மைக்ரோசாப்டின் அஷூர் தளத்திலும், திறவுகோல் மாறியதனால் முன்னெடுத்த படிகள் புதிதாகப் பூட்டப்படுவதில்லை. அவை பழைய கோலையே நாடும்.

இடமும் கணக்கும் பற்றிய தடைகள் வேறு. அமேசானின் திறவுகோல் தான் பிறந்த வட்டாரத்திலேயே இயங்குவது பொதுவிதி. மும்பைக் கூடத்து ஸ்நாப்ஷாட்டை ஐதராபாத்துக் கூடத்திற்குப் படியெடுப்பார், அங்குள்ள திறவுகோல் ஒன்றனைக் குறித்தல் வேண்டும். மும்பையில் இடர் நேர்ந்த நாளிலே இதனை நினைப்பாராயின் காலம் கடந்ததாம். இனி, ஆர்.டி.எஸ்.ஸுக்கென அமேசான் தானே அமைத்துத் தரும் திறவுகோலாற் பூட்டிய ஸ்நாப்ஷாட்டை மற்றொரு கணக்கினரோடு பகிர்தல் இயலாது. தம் திறவுகோலாற் பூட்டியதனைப் பகிரலாம். ஆனால் படியோடு திறவுகோலைப் பயன்கொள்ளும் இசைவையும் உடன் அளித்தல் வேண்டும். பெற்றவர் அதனைத் தம் கணக்கின் திறவுகோலாற் பூட்டிப் படியெடுத்துக்கொள்வாராயின், அதன்பின் முதற்கணக்கின் திறவுகோல் அழியினும் அப்படி பிழைக்கும். பகைவர் ஒருவர் முதற்கணக்கினுட் புகுந்து திறவுகோலை அழிக்கத் துணியினும், இரண்டாம் கணக்கிற்கு அவர் கை எட்டாது. நான் அறிந்த காவல்களுள் இதனையே தலையாயதென்பேன்.

இத்துணையும் செய்தோர்க்கும் எஞ்சுவது ஒன்றுண்டு. அஃது உண்மையாகவே ஒருமுறை மீட்டுப் பார்த்தல். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், ஒருவர் தவறுதலாக இயங்கும் தரவுத்தளத்தின் கோப்புக்களை அழித்துவிட்டார். காப்புப்படிகளை நாடியபொழுது, படியெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால், படிகள் எடுக்கப்படவே இல்லையென்பது வெளியாயிற்று. வேறொரு காரியத்திற்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த நகல் ஒன்றே அவர்களைக் காத்தது. அங்குக் குற்றம் திறவுகோலின்பாலதன்று. எனினும், மீட்டுப் பாராத படியை நம்பியதன் விளைவு ஒன்றே. திறவுகோலும் உடன் சேர்ந்தவிடத்துச் சோதித்தல் இருமடங்கு வேண்டப்படும். சோதிப்பார் தாம் நாடோறும் பயிலும் முழு அதிகாரத்தோடு செய்யாமல், இடர்நாளில் எவர் மீட்பாரோ அவருடைய இசைவைக் கொண்டே செய்தல் வேண்டும். ஆர்.டி.எஸ். மீட்பு பழைய தளத்தின்மேல் எழுதாது. புதுத் தளம் ஒன்றனையே படைக்கும். ஆதலின் சோதனையால் இயங்கும் தளத்திற்கு ஊறில்லை. ஆனால் முகவரி மாறும் என்பதனை நினைவிற்கொள்க.

ஆயின் எல்லாரும் தம் திறவுகோலைத் தாமே ஆளுதல் வேண்டுமோ? வேண்டாமென்பது என் கருத்து. திறவுகோலை இடையறாது கண்காணிக்க ஆளில்லாத சிறு நிறுவனம் வழங்குநர் ஆளும் கோலோடு அமைதலே நன்று. அழிப்பதற்கு இயலாத கோல் தவறியும் அழியாது. தாமே ஆள்வோர், எந்தப் படியை எந்தத் திறவுகோல் திறக்கும், அஃது எவ்வட்டாரத்தில் எக்கணக்கில் உள்ளது, இறுதியாக மீட்டுப் பார்த்த நாள் யாது என்பனவற்றைப் பட்டியலாக எழுதி வைப்பாராக. அப்பட்டியலை அத்தரவுத்தளத்தினுள்ளேயே எழுதி வைத்தல் மட்டும் ஆகாது. தாளில் எழுதி நிலைப்பேழையில் வைப்பினும் தாழ்வில்லை.