காரில் போனால் குழந்தைக்கு வாந்தியா? மலைப்பயணத்துக்கு முன் தெரிந்துகொள்ள 18 குறிப்புகள்

பள்ளி விடுமுறை வந்ததும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று திட்டம் போடுகிறோம். அறை பதிவு செய்தாயிற்று, வண்டியும் தயார். அப்போதுதான் வீட்டில் யாராவது ஒருவர் நினைவுபடுத்துவார்: “சின்னவளுக்கு கார் ஒத்துக்காதே, என்ன பண்றது?”

இது குழந்தையின் அடமும் இல்லை, வயிற்றுக் கோளாறும் இல்லை. வண்டி திரும்புவதையும் குலுங்குவதையும் உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடனுக்குடன் மூளைக்குச் சொல்லிவிடுகிறது. குழந்தையின் கண்ணோ முன்சீட்டின் முதுகையோ கையில் உள்ள போனையோ பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாக, தலைசுற்றலாக, வாந்தியாக வெளிப்படுகிறது. 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது அரிது. 2 முதல் 12 வயது வரை அதிகம் தொல்லை கொடுக்கும். வளர வளரப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும்.

அதே சாலை, அதே வளைவுகள். ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு வாந்தி வருவதில்லை. அவர் கண் எப்போதும் தூரத்தில் இருக்கிறது, அடுத்து எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். குழந்தைக்கும் இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

புறப்படுவதற்கு முன்

1. முந்தின இரவு நன்றாகத் தூங்க வையுங்கள். தூக்கம் கெட்ட குழந்தைக்குக் குமட்டல் சீக்கிரம் வரும். உறவினர் வீட்டு விசேஷம் முடிந்து நள்ளிரவில் வந்து, விடியற்காலையில் மலையேறுவதைத் தவிர்க்கலாம்.

2. குழந்தை தூங்கும் நேரத்துக்கு ஏற்பப் புறப்படுங்கள். தூங்கும் குழந்தைக்கு வாந்தி வருவது குறைவு. சமவெளியில் போகும் நீண்ட தூரத்தை அதிகாலைத் தூக்கத்திலோ மதியத் தூக்கத்திலோ கடந்துவிடலாம். அதற்காக ஓட்டுபவர் தூக்கத்தைத் தியாகம் செய்யக் கூடாது.

3. வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். வாந்தி வரும் என்று பயந்து பட்டினி போட்டு அழைத்துப் போனால் குமட்டல் கூடத்தான் செய்யும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, இடியாப்பம், டோஸ்ட் என்று எண்ணெய் இல்லாத உணவாகக் கொஞ்சம் கொடுங்கள். பூரி, வடை, நெய் ரோஸ்ட், டம்ளர் நிறையப் பால் இவற்றை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

4. அடிவார டிபனில் கவனம். பலரும் சறுக்கும் இடம் இது. மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ வண்டியை நிறுத்தி எல்லோரும் வயிறார டிபன் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே மலை வளைவுகள் வந்துவிடும். குழந்தைக்கு மட்டுமாவது அங்கே அரை வயிற்றுக்குக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு சற்று நேரம் வெளியே நடக்க விடுங்கள். அதன் பிறகு மலையேறலாம்.

5. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பை. ஓட்டையில்லாத கவர்கள், டிஷ்யூ, ஈரத்துணி, இரண்டு பழைய துண்டு, ஒரு செட் மாற்றுடை, தண்ணீர் பாட்டில் இவற்றைத் தனிப்பையில் போட்டு முன்சீட்டின் பின்னால் மாட்டுங்கள். டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருந்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. கவர்களை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டு, அடியில் டிஷ்யூ திணித்து, வாயை வெளிப்பக்கமாக மடித்து வையுங்கள். அவசரத்தில் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வண்டிக்குள்

6. எங்கே உட்கார வைப்பது? பின்சீட்டின் நடுவில் தோள்வழியாக வரும் பெல்ட் இருந்தால் அதுவே நல்ல இடம். முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். பெரிய வண்டியாக இருந்தால் மூன்றாவது வரிசையைத் தவிர்த்து நடு வரிசையில் வையுங்கள். பின்சக்கரத்துக்கு மேலே குலுக்கல் அதிகம். பொலிரோ, சுமோ போன்ற வண்டிகளில் கடைசியில் பக்கவாட்டில் திரும்பியிருக்கும் சீட் இந்தக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது.

7. முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். சாலை நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பிரேக் அடித்தாலோ ஏர்பேக் விரிந்தாலோ முதல் அடி மடியில் இருக்கும் குழந்தைக்குத்தான். 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தை இருக்கையின் உயரம் போதாமல் வெளியே எதுவும் தெரியாவிட்டால், வயதுக்கேற்ற பூஸ்டர் சீட் வாங்கி உயர்த்தி உட்கார வையுங்கள். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கைதான் பாதுகாப்பு. வாந்திக்காக அதை முன்னோக்கித் திருப்பிவிடக் கூடாது.

8. போன், டேப், புத்தகம், கலரிங் எதுவும் வேண்டாம். குனிந்து பார்க்கும் எல்லாமே குமட்டலைக் கூட்டும். அழாமல் வரட்டும் என்று கொடுக்கும் கார்ட்டூன்தான் அரை மணி நேரத்தில் வாந்தியில் கொண்டுபோய் விடுகிறது. கண்ணுக்கு வேலை கொடுக்காமல் காதுக்குக் கொடுங்கள்: பாட்டு, கதை, விடுகதை, அந்தாக்ஷரி.

9. வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. “அடுத்த போர்டு எங்க இருக்கு, யார் முதல்ல பாக்கறது?” என்று ஆரம்பித்தால் குழந்தையின் கண் தானாகத் தூரத்துக்குப் போய்விடும். “இப்ப இடதுபக்கம் திரும்பப் போறோம்” என்று முன்கூட்டியே சொல்லி, திரும்பும் பக்கமே தலையைச் சற்றுச் சாய்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவரின் தலை இயல்பாகவே அப்படித்தான் சாய்கிறது. பலகைகளைத் தேடும் பிள்ளைக்கு வயிற்றைப் பற்றி யோசிக்கவும் நேரம் இருக்காது.

10. காற்றும் வாசனையும். கார் பெர்ஃப்யூமை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். சிப்ஸ், பஜ்ஜி, பரோட்டா பார்சல் இவற்றின் மணமும், காட்டமான சென்ட்டும், பெட்ரோல் வாடையும் குமட்டலைக் கிளப்பும். ஏசி போட்டால் வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வையுங்கள். மலையில் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைச் சற்று இறக்கினாலே போதும், ஆனால் தலையையோ கையையோ வெளியே நீட்ட விடாதீர்கள். மேலே குளிரும் என்று அடிவாரத்திலேயே ஸ்வெட்டர் மாட்டிவிடவும் வேண்டாம். புழுக்கமும் வாந்திக்கு ஒரு காரணம்.

11. ஓட்டுபவருக்கு. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடுவதைவிட, முன்பே வேகத்தைக் குறைத்து கியரை இறக்கி, ஒரே சீராகத் திரும்புங்கள். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கினால் அடிக்கடி பிரேக் போட வேண்டியிராது; பிரேக்கும் சூடாகாது, குழந்தையின் தலையும் முன்னும் பின்னும் ஆடாது. வாடகை வண்டி என்றால் புறப்படும்போதே டிரைவரிடம், “அண்ணா, பாப்பாவுக்கு வாந்தி வரும், கொஞ்சம் மெதுவாப் போங்க” என்று சொல்லிவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மலைப்பாதை ஓட்டுநர்களுக்கு இது தினமும் கேட்டுப் பழகிய விஷயம்.

12. இடையிடையே நிறுத்துங்கள். சமவெளியில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மலைப்பாதையில் அதைவிட அடிக்கடி. வளைவில் நிறுத்தாமல், காட்சிமுனையோ அகலமான ஓரமோ பார்த்து நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடக்க விடுங்கள். குழந்தை தூங்குகிறதே என்று தனியாக வண்டிக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

வீட்டு மருந்தும் மாத்திரையும்

13. எலுமிச்சை, நாரத்தை, இஞ்சி. எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறி முகரக் கொடுப்பதும், உப்பு நாரத்தங்காயைத் துளி கிள்ளி நாக்கில் வைப்பதும் நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. வாய்க்கசப்பு மாறும், குழந்தைக்கும் தெம்பாக இருக்கும். பஸ் நிலையங்களில் விற்கும் இஞ்சி மொரப்பாவைப் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கடி கொடுக்கலாம். 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஓடும் வண்டியில் கெட்டியான புளிப்பு மிட்டாய் வேண்டாம். ஒரு குலுக்கலில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. சீட்டில் செய்தித்தாள் விரித்தால் வாந்தி வராது என்பார்கள். அது வாந்தியைத் தடுக்காது. விரித்து வைத்தால் துடைப்பதற்கு உதவும்.

14. மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும். பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வாங்கிய வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். அளவு குழந்தையின் வயதையும் எடையையும் பொறுத்தது. பலரும் கடையில் கேட்டு வாங்கும் அவோமினில் இருக்கும் புரோமெத்தசின் வகை மருந்து, 2 வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூச்சையே பாதிக்கக்கூடியது. சளிக்கு ஏற்கெனவே ஏதாவது சிரப் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும். சில குழந்தைகள் இந்த மருந்தில் தூங்காமல், மாறாகத் துறுதுறுவென்று ஆகிவிடுவதும் உண்டு. குமட்டல் ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பெரிய பயன் இருக்காது. எவ்வளவு நேரம் முன்பு கொடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்த நேரத்துக்குக் கொடுங்கள்.

வாந்தி வரும்போது

15. முதல் அறிகுறியிலேயே நிறுத்துங்கள். சின்னக் குழந்தைக்கு “குமட்டுது” என்று சொல்லத் தெரியாது. “வயிறு வலிக்குது” என்னும், அல்லது காரணமில்லாமல் சிணுங்கும். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த குழந்தை திடீரென்று அமைதியாகும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். உதட்டைச் சுற்றி வெளுத்து, மேலுதட்டிலும் நெற்றியிலும் பொடிப்பொடியாக வியர்க்கும். எச்சில் ஊறி ஊறி விழுங்கும். இந்த நிலையில் நிறுத்தி இறக்கிவிட்டால் பல நேரம் வாந்தி வராமலே அடங்கிவிடும். உடனே நிறுத்த இடமில்லையா? தலையைச் சீட்டில் அசையாமல் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அதே நேரம், “வாந்தி வருதா, வருதா?” என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கவும் வேண்டாம். நம் பதற்றம் அதற்கும் தொற்றிக்கொள்ளும்.

16. வந்துவிட்டால் திட்டாதீர்கள். சற்று முன்னால் சாய்த்து, நெற்றியைத் தாங்கிப் பிடித்து, கவரை மோவாய்க்குக் கீழே வையுங்கள். தூக்கத்தில் வந்தால் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். முடிந்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, சட்டையை மாற்றுங்கள். உடனே வயிற்றை நிரப்ப வேண்டாம். கால் மணி நேரம் பொறுத்து, தண்ணீரோ ஓஆர்எஸ் கரைசலோ ஒவ்வொரு மடக்காகக் கொடுங்கள். அது தங்கினால் பிறகு ரஸ்க், பொரி. “சீட்டெல்லாம் பாழாக்கிட்டியே” என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை காரைப் பார்த்தாலே அந்தக் குழந்தைக்கு வயிறு கலங்கும். சீட்டைச் சுத்தம் செய்வது எளிது: துடைத்துவிட்டு, ஈரத்தின் மேல் ஆப்ப சோடாவைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிட்டால் வாடையும் போய்விடும்.

17. எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? வண்டியை விட்டு இறங்கிச் சில மணி நேரம் ஆன பிறகும் வாந்தி நிற்காவிட்டால், பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், கடும் தலைவலி, காய்ச்சல், காதுவலி இருந்தால், சிறுநீர் போவது குறைந்து குழந்தை துவண்டால், இது பயணத்தால் வந்தது என்று விட்டுவிடக் கூடாது. பயணமே இல்லாத நாளிலும் காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி எடுக்கும் குழந்தையைக் கட்டாயம் காட்ட வேண்டும். வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயண வாந்தி அதிகம் வருவதுண்டு.

18. திரும்பும் பயணத்தை மறக்காதீர்கள். போகும்போது காட்டிய கவனமெல்லாம் வரும்போது காணாமல் போய்விடும். நாள் முழுக்க விளையாடிக் களைத்த பிள்ளை, மதியம் பிரியாணி, மாலையில் ஐஸ்கிரீமும் சாக்லேட்டும், உடனே இறக்கத்தில் வரிசையாக வளைவுகள் என்றால் வாந்தி வராமல் என்ன செய்யும்? இறங்கும் நாளின் மதிய உணவை ரசம் சாதம், தயிர் சாதம் என்று லேசாக முடித்து, ஒரு மணி நேரமாவது விட்டுப் புறப்படுங்கள். இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிடும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருந்தால்தான் குழந்தைக்கு வெளியே பார்க்க ஏதாவது இருக்கும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால், திரும்பும்போது எப்போது, எவ்வளவு என்பதையும் டாக்டரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.