மனிதரை வளர்த்தால் நிறுவனம் வளரும்

ஒரு நிறுவனத்தின் தரத்தை நிர்ணயிப்பது எது? கட்டடமா, கருவிகளா, பணமா? இவை யாவும் தேவையே. ஆயினும், இவற்றைக் கையாளும் மனிதர்களின் தரமே இறுதியில் நிறுவனத்தின் தரமாகிறது. மும்பையின் கிழக்குக் கரையிலுள்ள டிராம்பே இதற்கு ஒரு சிறந்த பாடம்.

விதைத்தல்

1944, மார்ச் மாதம். நாடு அன்னியர் ஆட்சியில் இருந்தது. முப்பத்து நான்கு வயதான ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுசக்தியால் மின்சாரம் பெறும் காலம் வரும்போது, நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாடுகளை நாட வேண்டியிராது. அவர்கள் இங்கேயே ஆயத்தமாக இருப்பர் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் உருவாயிற்று.

துறையை அமைத்துவிட்டு ஆளைத் தேடுவது பொதுவான வழக்கம். பாபாவோ தக்க மனிதரைக் கண்டறிந்து, அவரைச் சுற்றித் துறையை வளர்த்தார். 1957-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் இளம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் ஓராண்டு ஒன்றாகப் பயின்றனர். ஒரு துறையின் மொழி மற்றொரு துறைக்குப் புரிந்தது. புதியன பிறப்பதற்கு இத்தகைய கூடுகையே களம்.

நம்புதல்

பயிற்சி மட்டும் போதாது. பொறுப்பும் தரப்பட வேண்டும். 'அப்சரா' அணு உலைக்கு எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. ஆனால், வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியர்களுடையவை. கட்டுப்பாட்டு மின்னணுக் கருவிகளை ஏ.எஸ். ராவ் தலைமையிலான குழு உருவாக்கியது. 1956 ஆகஸ்ட் 4 அன்று உலை இயங்கத் தொடங்கியது. அன்று பெற்ற தன்னம்பிக்கை பின்னர் ஹைதராபாத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையாகவே 1967-இல் மலர்ந்தது.

குறையை எதிர்கொள்ளுதல்

தரத்தின் உண்மையான சோதனை வெற்றியில் இல்லை. குறை வெளிப்படும்போதே வருகிறது. 1985 ஆகஸ்டில் 'துருவா' உலை இயங்கத் தொடங்கியபின், எரிபொருள் தொகுதிகளில் மிகுந்த அதிர்வு காணப்பட்டது. உலையை முழுத்திறனுக்கு விரைந்து உயர்த்த முடியவில்லை. காரணத்தை ஆராய்ந்து, அமைப்பைத் திருத்திய பிறகு, 1988-இல்தான் முழுத்திறன் எட்டப்பட்டது. பொறுமையுடன் குறையைத் தேடிக் களைவதே தரம். குறையைக் கூறுபவரைத் தண்டிக்கும் இடத்தில் குறைகள் மறைவதில்லை, மறைக்கப்படுகின்றன.

விலகியபின் நிலைத்தல்

1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். டிராம்பே நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டு அவர் பெயரைத் தாங்கிய அந்நிலையம், அவர் வளர்த்த மனிதர்களால் மேலும் விரிந்தது. தான் இல்லாமல் நடக்காது என்று எண்ணுபவர் வளர்ப்பது தம் செல்வாக்கை. தாம் இல்லாதபோதும் நடக்கச் செய்பவரே நிறுவனத்தை வளர்க்கிறார். 'நான்' குறையும் அளவிற்குப் பணி நிறைகிறது.

அலுவலகம், பள்ளி, தொண்டு மன்றம், குடும்பம் என எங்கு பொறுப்பேற்றாலும் இப்பாடம் பொருந்தும்.

சிந்தனைக்கு

1. நம் பணியை ஏற்று நடத்தக் கூடிய ஒருவரையேனும் நாம் உருவாக்கி வருகிறோமா?

2. நம்மிடம் குறையைச் சொல்ல இளையவர்கள் அஞ்சுகிறார்களா?

3. நாம் ஒரு மாதம் விலகியிருந்தால் எது நின்றுபோகும்? ஏன்?