சிற்றிலும் ஆடுகளமும்

மாணவர்களே! பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையை நீங்கள் அறிவீர்கள். அதன் பத்துப் பருவங்களுள் முதல் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவானவை. காப்பு முதல் அம்புலி வரையில் குழந்தை குழந்தையாகவே இருக்கின்றது. எட்டாம் பருவத்திலேதான் வழி பிரிகின்றது. ஆண்குழந்தை சிற்றில் சிதைக்கும், சிறுபறை முழக்கும், சிறுதேர் உருட்டும். பெண்குழந்தைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் உரியன. நீராடலுக்கு மாறாகக் கழங்கைக் கொள்வாரும் உளர்.

சிற்றில் என்பது யாது? சிறுமியர் தெருப்புழுதியில் மணலைக் குவித்துக் கட்டும் விளையாட்டு வீடு. அதனைக் காலால் உதைத்துச் சிதைப்பது சிறுவர்க்கு விளையாட்டு. சிவகாசிக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியில், சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் கண்ணனை வேண்டுவதாகப் பாடியுள்ளார். பத்திச் சுவையில் அஃது இனிக்கின்றது. ஆயினும், விளையாடுதற்குரிய இடம் எவருடையது என்னும் வழக்கும் அதனுள்ளே பொதிந்து கிடக்கின்றது என்பது என் கருத்து.

அவ்வழக்கை நான் கண்கூடாகக் கண்டதுண்டு. நான் இளமையில் பணியாற்றிய பள்ளி ஒன்றில், விளையாட்டு நேரம் வந்ததும் ஆண்பிள்ளைகள் கரிசல் திடலில் சடுகுடு ஆடுவர். பெண்பிள்ளைகள் வேப்பமரத்து நிழலில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவர். அவர்களை எழுப்பித் திடலுக்கு அனுப்ப வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அந்நேரத்தில் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நிழலில் அமர்ந்தோரேனும் பள்ளிக்கு வந்தவர். வாராத சிறுமியர் எத்துணைப் பேர்! சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த இருவர், 1923-ஆம் ஆண்டு இவ்வூரில் அத்தொழிலைத் தொடங்கினர். மழை பொய்க்கும் கரிசற் சீமைக்கு அது சோறிட்டது. பின்னர்ப் பட்டாசும் அச்சும் அதனோடு சேர்ந்தன. இதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆனால், 1970, 1980-களில் விடியுமுன்னே ஊர்தோறும் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்துகளையும் மறத்தல் இயலாது. அவற்றில் ஏறிய பிள்ளைகளுள் சிறுமியரே மிகுதி. மகனைப் பள்ளிக்கும் மகளைத் தொழிற்சாலைக்கும் அனுப்பிய இல்லங்கள் பல. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் எண்ணிக்கைக் கூலி வேலைகள். 144 பெட்டிகள் கொண்டது ஒரு குரோசு. மேலும் ஒரு குரோசு முடித்தால் மேலும் சில காசு. அவ்வாறு விரல்களை ஓட்டிய சிறுமிக்குக் கால்களால் ஓட நேரம் ஏது?

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு திசம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்தப்பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்துதல் வேண்டும் என்றும், அது குழந்தைகளின் நலநிதியிற் சேர்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறியது.

திடலுக்குள் நுழைந்துவிட்டாலும் ஏற்றத்தாழ்வு வெளியே நின்றுவிடுவதில்லை. பல்வங்கர் பாலூ என்பார் தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றியவர். புனே நகரில் ஆங்கிலேயர் ஆடிய கிரிக்கெட்டுத் திடலைச் செப்பனிடும் பணியாளாக இருந்து, பந்து வீச்சில் நிகரற்றவரானார். அவர் வீழ்த்திய விக்கெட்டுகளை உவந்து ஏற்ற அணித்தோழர், அவருக்குத் தேநீரை மட்டும் வெளியே, தனி மட்கலத்தில் அளித்தனர். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியும், இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923-இல் அவர்தம் தம்பி விட்டல் அத்தலைமையைப் பெற்றார். கையிலிருந்து பந்தை வாங்கியவர்க்குக் கலத்தை வாங்கக் கூசியது என்ன விந்தை!

மேலைநாட்டார் மட்டும் நடுவுநிலையுடன் நடந்தனர் என்று கருதவேண்டா. 1896-இல் ஏதென்சு நகரில் நடந்த ஒலிம்பிக்கில் பெண்டிர்க்கு இடமே இல்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்டிர் 800 மீட்டர் ஓடினர். செருமானிய நங்கை லீனா ராட்கே உலக அருஞ்செயல் நிகழ்த்தி வென்றார். ஓடி முடித்தோர் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தனர். ஆடவரும் ஓட்டத்தின் முடிவில் சாய்வதுண்டு. அதனைப் பெருமுயற்சி என்பர். பெண்டிர் சாய்ந்ததை மெலிவு என்று கூறி, அவ்வோட்டத்தையே நீக்கினர். 1960-ஆம் ஆண்டு உரோமில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

அதே 800 மீட்டரில், 2006-ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில், தமிழ்ப் பெண் ஒருவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராசன் அவர். ஓடி வென்றபின், அவர் பெண்தானா எனச் சோதித்தனர். அதில் தேறவில்லை என்று கூறிப் பதக்கத்தைப் பறித்தனர். அவர் ஊக்கமருந்து உண்டவர் அல்லர். எவரையும் ஏய்த்தவரும் அல்லர். பிறவியில் அமைந்த உடற்கூறே குற்றமாக எண்ணப்பட்டது. ஒரு பெண்ணின் அந்தரங்கம் உலகச் செய்தியாயிற்று. வென்ற ஆடவனை நோக்கி, 'நீ ஆண்தானா?' என எவரும் வினவுவதில்லை என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு அவரைக் கைவிடாமல் 15 இலட்சம் ரூபாய் பரிசளித்தது. ஆயினும், சில ஆண்டுகளுக்குப்பின் அவர் தம் பெற்றோர் உழைத்த செங்கற்சூளைக்கே கூலி வேலைக்குச் செல்ல நேர்ந்தது. நெடுநாள் முறையிட்டபின், 2016-ஆம் ஆண்டு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பயிற்றுநர் பணி பெற்றார். பிறர் பிள்ளைகளை ஓடப் பழக்கும் பணி அது. தோகாவில் அவர் கழுத்தில் அணிவித்த பதக்கத்தை எவரும் மீட்டுத் தரவில்லை.